நம்பர் இல்லாத எலும்பு

முப்பத்தெட்டுப் பெட்டி.
நாங்கள் பாடி கட்டிய லாரியிலேயே வந்து இறங்கியது
நாமக்கல்லுக்கு மேற்கே, கரட்டடியில்,
பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடத்துக்கு.
தாளாளர் சொன்னார்:
"லாரிக்கே பாடி கட்டறவங்க,
இதைக் கட்ட மாட்டீங்களாக்கும்?"

சேஸ் இருந்தால் கட்டலாம்.
இதற்குச் சேஸே முதுகுதான்.

திறந்ததும் பிசின் வாடை.
எலும்பு இல்லை, எலும்பைப் பார்த்து வார்த்தது.
தட்டினால் காலித் தண்ணீர்த் தொட்டிச் சத்தம்.
பிபின் ஒரு விலாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு
"கனமே இல்லண்ணா" என்றான்,
ஏமாந்தவன் குரலில்.

விளக்கத்தாள் மழையில் நனைந்திருந்தது.
இடுப்பு வரைக்கும் படிக்க முடிந்தது,
அதற்கு மேல் மை கரைந்து நீலக் குட்டை.
வாலை மட்டும் யாரையும் கேட்காமல் கோர்த்தோம்:
பெரிசுக்கு அடுத்துச் சிறிசு, அதற்கடுத்து அதைவிடச் சிறிசு,
பட்டை அடுக்கிப் பழகின கை.
சென்னியப்பன் கம்பியைப் பற்றவைக்கும்போதெல்லாம்
ஈரச் சாக்கைப் போர்த்தினோம்
அறுபது லட்சம் வருஷமோ ஆறு கோடியோ
தாங்கி வந்ததன் நகல்
ஒரு பொறிக்குக் கருகிவிடக் கூடாது என்று.

மண்டையைத் தூக்க
திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டி வந்தது.
ஓட்டி வந்தவர் பொங்கியண்ணன்
கொக்கியில் தொங்கும் பல்வரிசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.
"ஆயிரத்து இருநூறு அடி போட்டிருக்கறனுங்க,
எனக்கு வந்ததெல்லாம் புகைதான்."

மூன்றாம் நாள் ராத்திரி
எல்லாம் நின்றது.
ஒன்று மட்டும் மிச்சம்.

கவட்டை மாதிரி, சாண் நீளத்துக்குக் கொஞ்சம் எச்சு.
நம்பர் இல்லை.
பட்டறையில் ஒரு போல்ட்டு மிஞ்சினால்கூட
வண்டியை வெளியே விடமாட்டோம்.
தாடையில் வைத்துப் பார்த்தோம், வாலடியில் வைத்துப் பார்த்தோம்.
விலங்கியல் டீச்சர் பூங்கோதை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து
"தவளைன்னா சொல்லிருவேனுங்க" என்றார்.
"ஸ்பேரா இருக்கும், உடுங்க" என்றார் சென்னியப்பன்.
அவர் சொன்னதை அவரே நம்பவில்லை;
கீழே உட்கார்ந்து மறுபடி எண்ண ஆரம்பித்தார்.

பத்து மணிக்குப் பொட்டலம் வந்தது.
புரோட்டா, பள்ளிபாளையம் சிக்கன்,
தேங்காய்ச் சில்லும் வரமிளகாயுமாகச் சிவந்து.
சாரக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து தின்றோம்.
பிபின் பாதியில் நிறுத்தினான்.
இங்கே வருவதற்கு முன்னால் இரண்டு வருஷம்
பைபாஸ் ஓரம் கறிக்கடையில் கோழி வெட்டினவன்.
இலையோரம் எதையோ வைத்து
குனிந்து பார்த்தான்.
தன் கழுத்துக்குழியைத் தடவினான்.
கை கழுவாமலே அந்தக் கவட்டையை எடுத்துக்கொண்டு
சாரத்தில் ஏறினான்.

இரண்டு தோளுக்கும் நடுவில்,
நாங்கள் இடைவெளி என்று விட்டிருந்த இடத்தில்,
உட்கார்ந்துகொண்டது.

"குக்குடா" என்றான் மேலேயிருந்து, அவன் பாஷையில்.
யாரும் அர்த்தம் கேட்கவில்லை.
செங்கோட்டு வேலன் கொடியில் நிற்பதற்கும்
ஏறக்குறைய அதே பேர்தான்.
டீச்சர் இலையைப் பார்த்தார், மேலே பார்த்தார்,
மறுபடி இலையைப் பார்த்தார்.
சென்னியப்பன் மட்டும்
தன் பங்கைத் தின்று முடித்தார்.

காலையில் திறப்பு விழா.
புது வண்டிக்குச் செய்வதுபோலவே
சந்தனம், குங்குமம், காலடியில் எலுமிச்சம்பழம்.
அதுதான் நசுக்கவில்லை.
பிள்ளைகள் பல்லை எண்ணினார்கள்,
நிசமா என்று கேட்டார்கள்,
கவட்டையை ஒருத்தரும் பார்க்கவில்லை.
சல்லடையாய்ப் புள்ளி வைத்த சட்டை போட்ட ஒரு பையன்
பழத்தைத் திருடிக்கொண்டு ஓடினான்.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
பிபின் பின்னால் உட்கார்ந்து தூங்கி
என் முதுகில் முட்டிக்கொண்டே வந்தான்.
முன்னால் ஒரு கோழி லாரி.
முட்டை ஓய்ந்ததுகளை ஏற்றிப் போகிறது.
பின்கதவுக் கொண்டியைப் பார்த்ததும் தெரிந்தது, நம்ம வேலைதான்,
போன தை மாதம் செய்தது.
கூண்டுக் கம்பி வழியே ஒரு கால்
வெளியே நீண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது:
முன்னால் மூன்று விரல்.
முந்தாநாள் ஒவ்வொன்றாய் முடுக்கின அதே மூன்று.

முந்துவதற்கு வழி இருந்தது.
கீரம்பூர் வரைக்கும்
பின்னாலேயே போனேன்.