இரண்டு விரல் இடம்

இறக்கியது நான்தான், யாரையும் குறை சொல்வதற்கில்லை.
அறுபத்தொன்பதாம் வருட மகிந்திரா பிக்கப்.
ஆற்காட்டில் ஒரு ரைஸ்மில் மதிலோரம் கிடந்ததை
எடைக்குப் போவதற்கு முந்தின நாள் வாங்கினேன்.
பின்னால் நாலு அங்குலம், முன்னால் மூன்று.
பட்டையில் இரண்டை உருவி, கட்டை கொடுத்து
தார்ரோட்டை மோந்து பார்க்கிற உயரத்துக்குக் கொண்டுவந்தேன்.
கிரீன் சர்க்கிளில் நின்றால்
பக்கத்துப் பஸ்ஸிலிருந்து ஆறேழு போன் நீளும்.
அது ஊருக்குள்.

வெள்ளிக்கிழமை என்றால் வாணியம்பாடி.
ஷூ கம்பெனிக்கு வெற்று அட்டைப்பெட்டி;
முந்நூறு சேர்ந்தாலும் ஓர் ஆள் எடை வராது.
சுமையில்லாத வண்டிதான் அதிகம் குதிக்கும்.
கொணவட்டம் தாண்டினதும் தொடங்கிவிடும்.
மேம்பாலத்து இணைப்பு ஒவ்வொன்றிலும்
டொம், டொம் என்று
கடன்காரன் அடியிலிருந்து கதவைத் தட்டுவான்.
பள்ளிகொண்டா டோலுக்குள் பிரமிளா
மூன்று முறை பேச வாயெடுத்து
மூன்று முறையும் நாக்கைக் கடித்துக்கொள்வாள்.
பிறகு பேசுவதையே விட்டுவிட்டாள்.

ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் சொன்னார்:
"எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல இடமே இல்லையே.
என்ன வண்டி ஓட்டுறீங்க?"
சொன்னேன். போட்டோவும் காட்டினேன்.
"வித்துடுங்க."
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
நேராகச் சத்துவாச்சாரி, இத்ரீஸ் ஷெட்டுக்குப் போனேன்.

நான் கேட்டது மெத்தென்ற ஸ்பிரிங்.
அவர் அட்டை விரித்து மல்லாந்து உள்ளே போனார்.
கால்மணி நேரம் செருப்பு மட்டும்தான் தெரிந்தது.
பிறகு ஒரு கை மட்டும் வெளியே வந்தது,
இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டியபடி.
"ஆக்ஸிலுக்கும் சேசிஸுக்கும் இவ்ளோதாங்ணா.
ரப்பர் அடிவாங்கி அடிவாங்கி கண்ணாடியா மின்னுது.
ஷாக்கு பழைய நீளம், அமுங்கினபடியே உக்காந்திருக்கு.
ஸ்பிரிங் கெட்டியில்ல.
அசையத்தான் எடமில்ல.
தூக்கிரலாமா?"

"தூக்கக்கூடாது" என்றேன்.
சர்க்கரைக்காரன் லட்டு கேட்டாற்போல
என்னைப் பார்த்தார்.

ஒன்பது நாள்.
ஆக்ஸிலுக்கு நேர் மேலே
சேசிஸில் பக்கத்துக்கு ஒரு அரைநிலா வெட்டி
கால் அங்குலப் பிளேட்டை வளைத்து
ஏகாம்பரம் வெல்டிங் வைத்தான்.
வெட்டும்போது நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.
குட்டை ஷாக், கோயம்புத்தூர் பார்சலில் வந்தது.
பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே நைலான் துண்டு,
இத்தனை நாள் துருவும் துருவும் கத்திக்கொண்டிருந்த இடத்தில்.
டயரில் காற்று நாற்பதிலிருந்து இருபத்தெட்டுக்கு.
அதையாவது முன்பே செய்திருக்கலாம், ஓசியில்.

டேப் வைத்து உயரத்தை அளந்தேன்.
ஒரு நூல்கூட ஏறவில்லை.

வெள்ளி, காலை ஐந்தே முக்கால்.
அறுபத்தைந்து. எழுபத்தைந்து.
பாலத்து இணைப்பு வந்தது;
வந்தது தெரிந்தது, அவ்வளவுதான்,
எதிரே வருகிற தெரிந்தவர்
தலையசைத்துவிட்டுப் போவது மாதிரி.
டோலில் சில்லறை வாங்கும்போது பிரமிளா பேச ஆரம்பித்தாள்.
சீட்டுப் பணம், அவள் தம்பி,
ராத்திரியெல்லாம் ஓடுகிற கீழ்வீட்டு மோட்டார்,
நான் மறந்துபோன ஒரு கல்யாண நாள்.
மாதனூர் வரை நிறுத்தவில்லை.
இவ்வளவும் எங்கே வைத்திருந்தாள்?

ஆம்பூர் மேம்பாலம் இறங்கும் இடத்தில் ஒரு பள்ளம்.
எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.
வாயை மூடிக்கொண்டு இருவரும் காத்திருந்தோம்.
டொம்.
"இதுக்கு என்ன பண்ணுவாரு உங்க இத்ரீஸ்?"

முதுகு இன்னும் வலிக்கத்தான் செய்கிறது.
கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறேன்.
அடுத்த வெள்ளி அதே இறக்கத்தில்
வேகத்தை நாற்பதுக்குக் குறைத்தேன்.
கவனித்தாள்,
பேச்சை நிறுத்தாமல்.