காற்றுமாசக் கணக்கு

ஆனி பிறந்த மறுநாள்
வீட்டுக்காரர் மரியசிலுவை வந்து நின்றார்.
"கரண்டுக்கு மாசம் ஐநூறு குடுத்துட்டு
எம்புட்டு வேணும்னாலும் ஓட்டுங்க.
இல்லன்னா தனி மீட்டர், யூனிட்டுக்கு எட்டு ரூவா.
ஒரு வருசத்துக்கு மாத்தப்பிடாது."

பணகுடியில் ஆனியில்
யார் ஃபேன் போடுவார்?
கொடியில் போட்ட சட்டையை
அடுத்த தெருவில் எடுக்கிறோம்.
இலை பறக்குமென்று
சன்னலைச் சாத்திவிட்டுத்தான் பீடி சுற்றுகிறேன்.

"மீட்டர்தான். இருநூறு தாண்டாது" என்றார் இவர்,
வெளியே காற்றாலைகளைப் பார்த்தபடி.

பீடிப் பாஸ்புக்கின் பின்னட்டையில்
எழுதிப் பார்த்தேன்.
காற்று நாலு மாசம், இருநூறு இருநூறாக.
மிச்சம் எட்டு மாசம், ராத்திரி முழுக்க ரெண்டு ஃபேன்,
அறுநூற்றைம்பது.
கூட்டினால் ஆறாயிரம்.
ஐநூறைப் பன்னிரண்டால் பெருக்கினேன்.
அதுவும் ஆறாயிரம்.

மறுபடி கூட்டினேன். அதே.

அப்புறம் கணக்கில் இல்லாத ஒன்று:
ஜெபமலருக்கு இழுப்பு வரும் ராத்திரிகளில்
ஆவி மிஷினைச் செருகும்போது
என் கண் எங்கே போகும்,
அவள் நெஞ்சுக்கா,
மீட்டரில் மினுக்கும் சிவப்புக்கா?

"ஐநூறே இருக்கட்டும்" என்றேன்.
இவர் பேசவில்லை.

முதல் மாசப் பணம் கொடுத்த அன்று
ஓடு தூக்கும் காற்றில்
ஃபேனை அஞ்சில் வைத்துவிட்டு
கழுத்துவரை போர்த்திப் படுத்தார்.
"கட்டுன காசு சுத்தட்டும்."

நடுச்சாமம் குளிர் தாங்காமல்
அவரே எழுந்து அணைத்தார்.
தூங்குவதுபோல் கிடந்தேன்.