அ.சா.3

விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள்:
சட்டப் பட்டம், பார் கவுன்சில் எண்,
குற்றவியல் மன்றத்தில் ஐந்து வருடம் நின்றதற்குச் சான்று,
தமிழ் பிழையின்றி எழுதப் படிக்க.
எல்லாம் இருந்தது.
ஈரோட்டில் சீனியரின் கட்டுகளைச் சுமந்து
ஒரு பக்கம் இறங்கிப்போன தோளும்.

நேர்முகத்தில் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
"கேசை ஜெயிக்கிறதா உங்க வேலை?" என்றார்.
"இல்லைங்க சார், உண்மையை மன்றத்தின் முன் வைக்கிறது."
புத்தகத்தில் இருந்த வரி.
மதிப்பெண் போட்டுக்கொண்டார்.

காங்கேயத்தில் இது இரண்டாம் வருடம்.
களங்களில் காயும் தேங்காய்ப் பருப்பின் வாசம்
ஜன்னல் வழி வந்து கட்டுகளில் ஏறிவிட்டது.
வழக்கும் பருப்புதான்:
சென்னிமலை ரோட்டுக் களத்தில் நான்கு மூட்டை திருட்டு.
சா.பொ.1 முதல் 4 வரை
எலி தின்றது போக மூன்றரை.
எதிரி வெள்ளிங்கிரி
ஏற்கெனவே இரண்டு முறை உள்ளே போய் வந்தவன்.
எடுத்திருப்பான்,
எனக்கும் அதில் சந்தேகமில்லை.

நேற்று இரவு பதினொன்று இருக்கும்,
அடுத்த வாரக் கட்டைப் பிரித்தேன்.
மதுபாட்டில் கேஸ், படியூர்ப் பிரிவு.
அதே தேதி, மாலை நான்கு மணி.
மகஜரில் அதே நாட்ராயன், சுமைதூக்கி.
அதே இடது பெருவிரல்,
நடுவில் கத்தி வெட்டிய கீறல்.
சென்னிமலை ரோட்டிலிருந்து படியூர் போக
காங்கேயத்தில் பஸ் மாற வேண்டும்.
விரலுக்கு அது தேவைப்படவில்லை.

காலையில் வராண்டாவில் அவரே கேட்டார்:
"ஏனுங் அம்மிணி, நம்முளுது இன்னிக்கு எந்தக் கேசுங்?
பருப்பா, பாட்டலுங்களா?"

எதிர்த்தரப்பில் இலவச சட்ட உதவிப் பையன்.
மூன்று கேள்வி கேட்பான்.
மூன்றும் எனக்குத் தெரியும்,
மூன்றிலும் இது இல்லை.
இரண்டு கட்டும் வரும் மேஜை
இந்த ஊரில் என் மேஜை ஒன்றுதான்.

எழுந்தேன். தொண்டை காய்ந்திருந்தது.
இரண்டு தாளையும் வைத்தேன்.
நடுவர் மின்விசிறியை நிறுத்தச் சொல்லி
இரண்டு ரேகையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
வெகுநேரம்.
பையன் அப்போதுதான் பேனாவைத் திறந்தான்.

(அடுத்த மாதம் விடுதலையான வெள்ளிங்கிரி
படியிறங்கும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டான்.
அந்தக் கும்பிடு எனக்கு வேண்டாம்.)

அன்று டீக்கடையில் எஸ்.ஐ. முகம் பார்க்காமல் கேட்டார்,
"மேடம், நீங்க யார் பக்கமுங்க?"
டீ ஆறிக்கொண்டிருந்தது.
சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று
அவர் கேட்காமல் விட்டது மரியாதை.

திரும்பி வந்தால்
நாட்ராயன் எழுத்தர் மேஜைக்கு முன்னால்.
"பேட்டா உண்டுங்களா அம்மிணி?
நாளக்கூலி போச்சுங்."
படிவத்தில் கையெழுத்திட்டேன்.
எழுத்தர் மைத்தட்டை நகர்த்தினார்.
கேட்காமலே
இடது கையை நீட்டினார் நாட்ராயன்,
எந்தத் தாள் என்று பார்க்காமல்.