ஏழைக் கழித்தல்

மட்டக்களப்புக்கு மாற்றலாகி வந்த பத்தாம் நாள்
விடுதி மேட்ரன் அறைச் சாவியைக் கேட்கத் தொடங்கினாள்.
கந்தோரில் சேர்வரைப் பார்த்துக்கொள்பவள் நான்.
வாடகைக்கு வீடு பிடிக்கவும்
படித்ததைத்தான் நம்பினேன்.

தேறிய முகவரிகள் இருபது.
கணக்கு சொல்லும் வழி இது:
முதல் ஏழைப் பார். ரசி. ஒன்றையும் எடுக்காதே.
எட்டிலிருந்து,
அந்த ஏழில் சிறந்ததை எது மிஞ்சுகிறதோ
அங்கேயே நில். முற்பணத்தைக் கொடு.

"ஏழைக் கழிச்சி உடச் சொல்லுதா கா?" என்றாள் றிஸ்மியா
பக்கத்து மேசையில் பணிஸைப் பிய்த்தபடி.
நான் எண்ணைத்தான் சொன்னேன்.
தமிழில் அது வேறு மாதிரிக் கேட்டது.
"அப்பிடிச் செஞ்சா, இருக்கிறதுக்குள்ள நல்ல ஊடு
கட்டாயம் கிடைக்குமா?"
நூற்றுக்கு முப்பத்தெட்டுத் தரம் கிடைக்கும்.
ஓ.எல்லில் அதற்கு வெறும் எஸ்தான் போடுவார்கள்.

கோட்டமுனையில் கதவைத் திறந்தால் பஸ் ஹோர்ன்.
ஊறணியில் கிணற்றுத் தண்ணீருக்குத் தேநீர் நிறம்.
மூன்றாவது, சின்ன உப்போடை:
மேல்மாடி, வாவியைப் பார்த்த ஜன்னல்.
இரவில் தோணி விளக்குகள் தெரியும்
என்றார் யோகநாயகி அன்ரி.
குழாய் ஒழுகியது. அது கிடக்கட்டும்,
நான் அந்த ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுப் பார்த்துவிட்டேன்
மனதுக்குள், நுளம்பு வலையோடு.
ஆனால் மூன்று ஏழுக்குள் வருகிறது.
"நல்லா இருக்கு" என்றேன்
செருப்பைத் தேடிக்கொண்டே.

எட்டு. ஒன்பது. பத்து.
கல்லடியில் வீட்டுக்காரர் வாடகையைச் சொல்லாமல்
மகனின் கனடாச் சம்பளத்தைச் சொன்னார்.

பாடத்தில் வீடு பேசாது.
இங்கே கேற்றிலேயே பேசுகிறது.
தனியாவா?
எவடம் சொந்தம்? தம்பிலுவிலா, அங்க என்ன குடி?
முப்பத்திநாலா, மாப்பிள்ளை பாக்கல்லையா?
இரவிலயும் கந்தோரா, அப்ப கேற்றை ஆர் பூட்டுற?
பிறகு எல்லா வாசலிலும் ஒரே சொல்:
"மறுகா சொல்றன் புள்ள."

பதின்மூன்றாவது வீட்டிலிருந்து வரும்போது
மாமாங்கத்தில் ஒரு சைக்கிள் கடையில் மழைக்கு ஒதுங்கினேன்.
அங்கே நிற்கையில்தான் உறைத்தது.
நான் அவர்களை வரிசைப்படுத்திய அதே கிழமை
அவர்களும் என்னை ஒரு வரிசையில் வைத்திருந்தார்கள்.
யாரோ ஒருவரின் முதல் ஏழுக்குள் நான்.
எனக்குப் பின்னால் வரப்போகிற
கலியாணம் முடித்த பாங்க் கிளார்க்கை
அளந்து பார்க்க வைத்திருந்த
அடிமட்டம்.

பதினாலும் சரிவராத இரவு
யோகநாயகி அன்ரி போன் எடுத்தார். சுற்றி வளைக்கவில்லை.
"ஒம்பது பேர் வந்து பாத்தாங்க. நீங்க ரெண்டாவது.
முதல் வாறாக்களுக்குக் குடுக்கிற வழக்கம் எனக்கில்ல.
மத்தாக்கள் ஒருத்தரும் ஜன்னலைப் பாக்கல்ல,
மோட்டர் சைக்கிள் விட இடமிருக்கா எண்டுதான் பாத்தாங்க."

விட்ட வீடு திரும்பக் கூப்பிடாது
என்பது என் கணக்கின் முதல் நிபந்தனை.
கூப்பிடுமானால் விடை வேறு.
அதையும் யாரோ போட்டு வைத்திருப்பார்கள்,
நான் தேடவில்லை.
ஆறு மாத முற்பணத்தை நாலாக்கினார்.
குழாயை நான்தான் மாற்ற வேண்டும்.
ஓம் என்றேன்.

மறுநாள் பிற்பகல் நாலு மணிக்கு
பதினைந்தாவது, அமிர்தகழி.
வருவதாய்ச் சொல்லியிருந்தேன், அதனால் போனேன்.
புது ஓடு. நல்ல தண்ணீர்.
திறந்தால் வந்து, மூடினால் நிற்கிற குழாய்.
வாவி இங்கே குசினியிலிருந்தும் தெரிந்தது.
முற்பணம் மூன்று மாதம்.
கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த வீட்டுக்காரன்
ஒரு கேள்வியும் கேட்கவில்லை,
பெயரைக்கூட.

கணக்குப்படி நிற்க வேண்டிய இடம் இது.
செருப்பை மாட்டிக்கொண்டேன்.
குழந்தை என் குடையைப் பிடித்து இழுத்தது.
"நல்லா இருக்கு" என்றேன்.
"மறுகா சொல்றன் தம்பி."