பதினேழாவது தையல்

ரங்கூன். பயின்னாங் சந்தையில் ஏழாம் எண் கிடங்கு.
மூட்டையின் வாயைத் தைப்பது என் வேலை.
மூட்டைக்குப் பதினாறு தையல்.
பதினேழாவது போட்டால் நூல் வீண் என்பார் முதலாளி.

கலா என்று கூப்பிடுவார்கள்.
தமிழில் அது ஒரு பெண்ணின் பெயர்,
நன்றாகத்தான் இருக்கும்.
இங்கே அதைச் சொல்கிறவர்கள்
பெயராகச் சொல்வதில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் நிலார் வின்.
வீட்டில் அஞ்சுகம்.
குடியுரிமை அலுவலகத்துக் கோப்பில்
பென்சிலால் போட்ட ஒரு கேள்விக்குறி.

தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம்
தலை காயுமுன் அங்கே போய் நின்றேன்.
சன்னலுக்கு உள்ளே இருந்தவர்
விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்:
ஆயிரத்து எண்ணூற்று இருபத்துமூன்றுக்கு முன்னால்
உன் ஆட்கள் இங்கே இருந்ததற்கு என்ன சான்று?
என் பல் இங்கேதான் முளைத்தது, இங்கேதான் விழுந்தது,
கூரையில் எறிந்த பல்லுக்கு ரசீது வாங்கவில்லை
என்று சொல்ல வாய் வந்தது.
'நாளைக்கு வருகிறேன், சயா' என்றேன்.

அன்றிரவு மின்சாரம் இல்லை.
தாமுவேயில் அது ஒரு செய்தி இல்லை.
படிவத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
மெழுகுவர்த்தியைச் சாய்த்துப் பிடித்து
எழுத ஆரம்பித்தேன்,
ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மாடியில் கற்ற
அரைகுறை எழுத்தில்.
அன்புள்ள என்று போட்டு
பக்கத்தில் இடம் விட்டேன்.
அந்த இடம் வெகுநேரம் அப்படியே இருந்தது.

பேச ஆள் இல்லாமலா?
ஐம்பது லட்சம் பேர் இந்த ஊரில்.
பஸ்ஸில் என் தோளில் தூங்கி விழுகிறார்கள்.
மொஹிங்கா கடைக்காரி எனக்கு மட்டும்
வாழைத்தண்டு கூடுதலாகப் போடுவாள்.
உன் ஊருக்கு எப்போது போவாய் என்று
அவளும் அன்பாகத்தான் கேட்பாள்.
கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே,
இது முடிந்ததும் என்பேன்.

மறுநாள் தூத்துக்குடிக்குப் போகிற உளுந்து லாட்.
கிழித்த சீட்டில்
'இந்த மூட்டையைத் தைத்தவளுக்குத் தமிள் தெரியும்'
என்று எழுதி உள்ளே போட்டுத் தைத்தேன்.
கை நடுங்கி, பதினேழு.

பக்கத்தில் தைக்கும் மி சான் பார்த்துவிட்டாள்.
என்ன அது?
எடைச் சீட்டு.
எடைக்கு இவ்வளவு சுழியா என்றாள்.
மோன்காரி. அவளுடைய எழுத்தும் சுழிதான்.
அம்மா அனுப்பும் கடிதத்தைப் படிக்க
மடத்துப் பிக்குவைத் தேடிப் போகிறவள்.
அடுத்த சீட்டில், என் வரிக்குக் கீழே
ஒரு பூனை வரைந்தாள்.
ஏன் பூனை என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் மழை.
இங்கே மழை என்றால் நாள்கணக்கு இல்லை, மாதக்கணக்கு.
சீட்டுகள் போய்க்கொண்டே இருந்தன.
மூட்டைக்கு முகவரி உண்டு,
தைத்தவளுக்குக் கிடையாது,
பதில் வர வழியே இல்லை.

தடின்ஜுட் விளக்குகள் ஏற்றிய வாரம்
ஈரம் அதிகம் என்று ஒரு லாட் திரும்பி வந்தது.
பிரித்துக் காயவைக்கச் சொன்னார்கள்.
ஒன்பதாவது மூட்டையில் ஒரு சீட்டு,
பூஞ்சை பிடித்து, உளுந்தின் கறுப்பு ஏறி.
'தமிள்' மேல் சிவப்பு மையில் ஒரு வட்டம்.
ஓரத்தில், அழுத்தி, ழ்.
அவ்வளவுதான். பெயர் இல்லை. நலமா இல்லை.
பூனைக்கு மட்டும் யாரோ மீசை போட்டிருந்தார்கள்.

முதலில் வெட்கம். காது சுட்டது.
பிறகு அந்த எழுத்தைச் சொல்லிப் பார்த்தேன்
நாக்கை மடித்து, மறுபடி மடித்து.
மி சானுக்கும் வரவில்லை.
உளுந்துக் குவியல்மேல் உட்கார்ந்து
இரண்டு பேரும் தவளை மாதிரி
சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம்.

கடலுக்கு அந்தப் பக்கம்
ஏதோ ஒரு கிடங்கில், சிவப்புப் பேனாவோடு ஒருவர்
நான் எழுதியதைக் கடைசி எழுத்து வரை படித்திருக்கிறார்.

இன்றைக்கும் ஒரு லாட் போகிறது.
இப்போது எனக்குச் சரியாக எழுதத் தெரியும்.
'இங்கே மளை நின்றுவிட்டது' என்று எழுதி,
திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி
மேலாக வைத்துத் தைத்தேன்.