நானூறு கிராம்

எங்கள் தொடரில் ஓட்டுநரோடு பேச ரேடியோ கிடையாது.
விதி அப்படி.
அதனால் சுவரோரம் நிற்கிறேன் நான்,
கறுப்புப் பலகையும்
ஒரு பெட்டி நிறைய மஞ்சள் எண்களுமாக.
ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை
எலிசேயோ பூர்கார்ட் என்னைக் கடந்து போவான்.
எங்கள் உரையாடலுக்கு அரை நொடி.
மூன்றாமிடம்.
மீதி பதினொரு சுற்று.
இதற்குமேல் ஒரு மனிதனிடம் சொல்ல
என்ன இருக்கிறது?

பிப்ரவரியில் பம்பா சமவெளியின் புழுதிக்குள்
இரண்டாம் சுற்றிலேயே கியர் பெட்டி நொறுங்கியது.
மார்ச்சில் ஐந்தாவது.
ஏப்ரலில் மழை.
வழுக்கும் என்று எல்லோரும் ஒதுக்கிய வெளிவிளிம்பில்
அவன் மட்டும் போனான்.
பரிசளிப்பின்போதும் மழை விடவில்லை.
கோப்பையில் தேங்கிய நீரை
பட்டறை நாய் குடித்தது.

பதினொரு வருடங்கள்.
மூன்று முறை இரண்டாமிடம்.
இரண்டாவதாக வருபவனுக்கு எல்லோரும் கைகொடுப்பார்கள்,
கொஞ்சம் கூடுதலாக அழுத்தி.
முதலாவதாக வந்த ஓரெஸ்தே பிகாட்டியும் அப்படித்தான் கொடுப்பான்.
நான்கு முறை சாம்பியன்.
எங்கள் முறுக்குச் சாவியை இரவல் வாங்கிப் போய்
இரண்டு வருடமாகிறது.

ஜூனில் பத்தகோனியாவின் காற்று
பலகையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது.
ஆறு சுற்றுகள் அவனுக்கு நான் ஊமை.
அந்த ஆறிலும் மற்றெல்லாச் சுற்றுகளையும்விட
வேகமாகப் போனான்.
அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆகஸ்டில் இன்ஜினுக்குப் பணமில்லை.
ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது.
எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை.
மறுவாரம் மெக்கானிக் ஃபெர்மின்
கருவிப்பெட்டியைத் தோளில் சுமந்தபடி
பஸ்ஸிலிருந்து இறங்கியபோது தெரிந்தது,
அவனுடைய பிக்கப் வண்டி இனி இல்லை என்று.

டிசம்பர். கடைசிப் பந்தயம்.
பிகாட்டிக்கு ஒரு புள்ளி பின்னால் நாங்கள்.
இருவரில் யார் முன்னால் முடிக்கிறாரோ அவருக்குப் பட்டம்.
வேலிக்கு அப்பால் லாரிகளின் மேல் சோபா போட்டு
இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள் மக்கள்.
பத்தொன்பதாம் சுற்றில் பிகாட்டி பின்னாலிருந்து இடித்தான்.
எங்கள் பின் பம்பர் கழன்று புல்லில் புரண்டது.
லாரிகளில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.
எலிசேயோ திரும்பிப் பார்க்கவில்லை.
முன்னால்தான் இருந்தான்.

அப்போதுதான் கணக்குப் போட்டேன்.
பம்பர் ஆறு கிலோ.
தொட்டியில் மிச்சமிருக்கும் எண்ணெய்,
வியர்வையில் அவனே இழந்தது.
முடிந்ததும் தராசில் ஏற்றுவார்கள்.
ஆயிரத்து முந்நூறுக்குக் கீழே போனால்
வருடமே போச்சு.

என் பெட்டியில் எழுத்துகள் இல்லை.
டயரில் குறியிடும் வெள்ளைச் சாக்கட்டியை எடுத்து
பலகையின் பின்பக்கம் கிறுக்கி
கொடி அசையும் கணத்தில் தூக்கிப் பிடித்தேன்.
வருடம் முழுக்க நான் அவனிடம் சொன்ன
ஒரே ஒரு சொல்:
குப்பை.

பார்த்தானா?
எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.
நான் கடைசி வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தான்.
பாதையை விட்டு விலகி, ஓரத்தில்,
குடிகாரனைப் போல மெதுவாக நெளிந்து நெளிந்து,
இருபத்து மூன்று கார்கள் உதிர்த்துப்போட்ட ரப்பர் துகள்களை
சூடான டயர்களில் ஒட்டவைத்துக்கொண்டு.

சோதனைக் கொட்டகையில் இரண்டு மணி நேரம்.
டயர் அடுக்கின் மேல் கையுறையோடு தூங்கிப்போனான்.
சுவரில் ஒட்டிய தாளை ஃபெர்மின் இரண்டு தடவை படித்தான்:
ஆயிரத்து முந்நூறு கிலோ, நானூறு கிராம்.
எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.
சாம்பியனாகிப் பதினைந்து நிமிடம்
தெரியாமலே கிடந்தான்.

டயரிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்தேன்.
புளி உருண்டைபோலக் கறுப்பாக, பிசுபிசுவென்று.
யாருடையதோ.
பிகாட்டியுடையதாகவும் இருக்கலாம்.

இருட்டிய பிறகு அவனே வந்தான்.
மேசைமேல் முறுக்குச் சாவியை வைத்தான்.
கையை நீட்டினான்.
எலிசேயோ பற்றிக்கொண்டான்,
அழுத்தாமல்.