இணைப்பு இரண்டு

சாவி திரும்பியது. உள்ளே போய் ஏதோ சொன்னோம்.
சொன்னது சுவரில் பட்டு
எங்கள் மேலேயே வந்து விழுந்தது.
அப்போதே தெரிந்துவிட்டது,
சாமான் உள்ள வீடு இப்படி எதிரொலிக்காது.

அஜ்மானில், ராஷிதியாவில், ஒன்பதாம் மாடி.
இருபத்திரண்டு வருட வாடகைக்குப் பிறகு
முதல்முறையாக எங்கள் பெயரில் ஒரு சுவர்.
அதில் நான்கு துளை.
ஏசி இருந்த இடம் மட்டும்
தலையணை உறைக்குள் பார்த்தது போல வெளுப்பு.

அடுப்பு இல்லை, அதன் எண்ணெய்க் கறை சதுரமாய் இருந்தது.
வாஷிங் மெஷின் குழாய் வாயைத் திறந்து கிடந்தது.
கீசர் போயிருந்தது.
கூடத்து விளக்கு, ஆறு கை உள்ளது,
வீடு பார்க்க வந்த அன்று
விற்பவரே மூன்று தடவை போட்டுக் காட்டியது,
அதன் இடத்தில் இரண்டு கம்பி, முனையில் டேப்.
"டேப்பாவது சுத்திட்டுப் போனாரே" என்றார் செல்வின்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறவள்.
ஒப்பந்தத்தின் கடைசித் தாளை எடுத்தேன்.
இணைப்பு இரண்டு, பதினான்கு பொருள்,
ஒவ்வொன்றின் பக்கத்திலும்
மீன்குஞ்சு போல அவருடைய சுருக்கக் கையெழுத்து.
ஒன்பதுக்கு டிக் போட்டேன்.
ஐந்தை வட்டமிட்டேன், பேனா தாளைக் கிழித்தது.

போனில் கய்யூம் சாஹிப் உருதுவில் கொதித்தார்.
என் இந்தி மளிகைக் கடையில் கற்றது,
விலை கேட்க வரும், சண்டைக்கு வராது.
"வீட்டை விற்றேன் பெஹன்,
விளக்கை எங்கே விற்றேன்?"
நடுவில் புரோக்கர் நிஷாத்
இரண்டு பக்கமும் பாதி பாதி மொழிபெயர்த்தான்,
கெட்ட பாதியை விழுங்கிவிட்டு.

பிறகு ஒரு விதி சொன்னான்,
எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ:
திருகி வைத்தது வீட்டோடு.
சும்மா வைத்தது ஆளோடு.
"எழுதி வைத்தது?" என்றேன்.
கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தான்.
"அது எல்லாத்துக்கும் மேலே சேச்சி."

அன்று இரவு வெறும் தரையில் படுத்து
அந்த விதியையே உருட்டிக்கொண்டிருந்தேன்.
இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விசா புதுப்பித்து
இந்த ஊரில் நாங்கள் இருப்பது
திருகியா, சும்மாவா?
செல்வினைக் கேட்கலாமென்று பார்த்தால்
குறட்டை.

நல்லவேளை, கடைசிச் செக் நிஷாத்தின் டிராயரில் இருந்தது.
நாலாயிரம் திர்ஹம்.
ஒன்பதாம் நாள் பிக்கப் வந்தது.
ஏசி இறங்கியது, கீசர் இறங்கியது,
போர்வையில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போல விளக்கு.
அடுப்பும் மெஷினும் ஏற்கெனவே
ஷார்ஜாவில் யாரோ வீட்டில் ஓடிக்கொண்டிருந்தன.
அவர் அறுநூறு கழித்துக்கொள் என்றார்,
நான் ஆயிரத்து இருநூறு என்றேன்.
தொள்ளாயிரத்தில் இருவருக்கும் வயிறு எரிந்தது,
ஆகவே நியாயம்தான்.

ஏசிக்கு ஆள் வந்திருந்தான்.
விளக்கை மட்டும் யாரையும் தொடவிடாமல்
அவரே ஏணியில் ஏறினார்.
நான் கீழிருந்து டார்ச் அடித்தேன்.
ஒரு திருகாணி குறைந்தது.
என் பிஸ்கட் டின்னிலிருந்து ஒன்று கொடுத்தேன்.
அதை உதட்டில் கவ்வியபடி சொன்னார்:
சியால்கோட்டில் வீட்டுக் கூரை தாழ்வாம்,
மாட்டினால் தலையில் இடிக்குமாம்,
மனைவி போன வாரம்தான் அளந்து சொன்னாளாம்.

தாளில் நிஷாத் நாலு வரி எழுதினான்:
இனி ஒருவருக்கொருவர் எந்தப் பாக்கியும் இல்லை.
மூவரும் கையெழுத்திட்டோம். மீன்குஞ்சு.

மே மாதம் வெயில் ஏறியபோதுதான்
ஏசி ரிமோட்டைத் தேடினோம்.
இணைப்பு இரண்டை எடுத்துப் பார்த்தேன்,
ரிமோட் என்று அதில் எழுதவில்லை. என் தப்பு.
மூடியைத் தூக்கி
உள்ளே இருந்த பட்டனைப் பேனாவால் அழுத்தினேன்.
பீப்.
கடைசியாக அவர் வைத்த குளிரில் ஓடத் தொடங்கியது,
பத்தொன்பது.

கரண்ட் பில்லுக்குப் பயந்து
இத்தனை வருடமும் இருபத்தாறில் தூங்கியவர்கள் நாங்கள்.
செல்வின் எழுந்துபோய் இரண்டு போர்வை எடுத்துவந்தார்.